நாயக்கர் மகால் மேடைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன், 58-இல் ஓய்வு. தை மாதம் மகளுக்குத் திருமணம். நகைகளை முன்பே சேர்த்துவிட்டோம். மண்டபம், சாப்பாடு, துணிமணி எல்லாம் சேர்ந்து 9 லட்சம் ஆகும். கையில் 12 லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. வரவேற்பு மேடை திருமலை நாயக்கர் மகாலைப் போலத் தூண்களும் வளைவுகளும் சரவிளக்குகளுமாக அமைய வேண்டும் என்பது மகளின் ஆசை. அலங்காரக்காரர் ரூ.9,40,000 என்று மதிப்பீடு தந்திருக்கிறார். மகள் தன் சேமிப்பிலிருந்து 1.5 லட்சம் தருகிறாள். மீதி 5 லட்சத்தை 14% வட்டியில் தனிநபர் கடனாக வாங்கி, மொய்ப் பணத்தில் அடைத்துவிடலாமா? அல்லது ஓய்வுக்காலத்துக்கான மியூச்சுவல் ஃபண்டை விற்கலாமா? செட்டிநாட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் அலங்காரமே வேண்டாம் என்கிறார் என் மனைவி. விருந்தினர் 600 பேர். (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டின் கடைசி வரியில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று இருக்கிறது. அலங்காரச் சேவைக்கு 18% வரி என்பதால் ரூ.1,69,200 கூடுகிறது, உண்மையான தொகை ரூ.11,09,200. ஆகவே உங்களுக்குக் குறைவது 5 லட்சம் அன்று, ஏறத்தாழ 6.6 லட்சம். அதை 14% வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.15,360 வரும்; வட்டி மட்டும் 2.6 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகளே இருப்பதால், கடைசிப் பன்னிரண்டு தவணைகளைச் சம்பளம் நின்ற பிறகு கட்ட வேண்டியிருக்கும். ஒரே மாலையில் ஏற்றி இறக்கும் தூண்களுக்காக இந்தக் கடனை வாங்க வேண்டாம். மியூச்சுவல் ஃபண்டையும் தொட வேண்டாம். ஓய்வுக்கு இவ்வளவு அருகில் கரையும் பணத்தைத் திரும்பச் சேர்க்கப் போதிய காலம் இல்லை.

மொய்யை நம்பிக் கடன் வாங்குவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் செய்முறை என்பது எழுதி வைக்கப்படும் கணக்கு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்று மொய் நோட்டில் ஏறும் தொகை, நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில், பெரும்பாலும் சற்றுக் கூட்டியே, நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை. அதாவது வட்டி எழுதாத கடன். வங்கிக் கடனை மொய்யால் அடைத்தால், ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றி, அதை ஓய்வுக்காலத்துக்குத் தள்ளிவைத்ததாகவே ஆகும். திருமணத்தையொட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை; ஆனால் அந்த விலக்கு பெற்றோருக்குத் தரப்படும் தொகைக்குப் பொருந்தாது. எனவே மணமக்களுக்கென்று வருவதை அவர்கள் கணக்கிலேயே செலுத்திவிடுங்கள்.

உங்கள் மனைவியின் யோசனையில் உண்மை இருக்கிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடிப் பகுதி வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் எந்தப் பந்தல்காரராலும் செய்து தர முடியாது. விருந்தினர் 150 பேர் என்றால் அதைத்தான் முதலில் பரிந்துரைத்திருப்பேன். 600 பேரை மதுரையிலிருந்து பேருந்துகளில் அழைத்துப் போய், தங்க வைத்து, வெளியிலிருந்து சமையலும் ஜெனரேட்டரும் கொண்டுவரும் செலவு, அலங்காரத்தில் மிச்சமாவதை விழுங்கிவிடும். ஆனால் அந்த வீடுகளிடமிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அவற்றைக் கட்டியவர்கள் ஆடம்பரத்தை வீடு முழுக்கச் சமமாக இறைக்கவில்லை. தேக்கும் பளிங்கும் விருந்தினர் கண்படும் முகப்பிலும் வளவிலும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) குவிந்திருக்கும், அடுப்படியை நோக்கிப் போகப்போக வீடு எளிமையாகிவிடும்.

உங்கள் மேடையையும் அப்படியே திட்டமிடுங்கள். 12 லட்சத்தில் 9 போக 3 லட்சம், மகள் தருவது 1.5 லட்சம், ஆக 4.5 லட்சம் இருக்கிறது. அதில் 50,000 ரூபாயை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிவிட்டு, வரி உட்பட 4 லட்சத்துக்குள் அலங்காரத்தை முடிக்க வேண்டும். அதாவது வரிக்கு முந்தைய பில் ரூ.3,38,000-ஐத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டில் மிகப் பெரிய தொகை, 24 ஃபைபர் தூண்களைப் புதிதாகச் செய்வதற்கு. செய்கூலி முழுவதையும் நீங்கள் கொடுப்பீர்கள், திருமணம் முடிந்ததும் தூண்கள் அவருடைய கிடங்குக்குப் போய்விடும். புதிதாகச் செய்ய எவ்வளவு, ஏற்கெனவே இருப்பவற்றுக்கு வாடகை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். 1636-இல் எழுந்த அந்த மகால் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. அதன் அழகு தூண்களின் பருமனிலும், வளைவுகளில் இழைத்த சுதை வேலையிலும், முற்றத்தில் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது. மண்டபத்துக் கூரைக்கு அடங்கும் இருபத்து நான்கு ஒல்லித் தூண்களைவிட, மணமக்களுக்குப் பின்னால் நன்றாக வார்த்த ஒரே ஒரு பெரிய வளைவும், இருபுறமும் இரண்டு பருத்த தூண்களும், மஞ்சள் ஒளியும் அந்த மகாலை அதிகமாக நினைவூட்டும் என்று உறுதியாக நம்புகிறேன். நுழைவாயிலுக்கு, தேரை அலங்கரிக்கும் சீலைகளைத் தைக்கும் தஞ்சைக் கலைஞர்களிடம் தொம்பைகளையும் (உருளை வடிவத் துணித் தொங்கல்கள்) தோரணங்களையும் கேட்டுப் பாருங்கள். விலைக்கு வாங்கினாலும், பிறகு கோயிலுக்குக் கொடுத்துவிடலாம்.

பூவில் கவனம் தேவை. பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் குறைவதாலும், முகூர்த்த நாட்கள் நெருங்கி வருவதாலும், தை மாதத்தில் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை கடுமையாக ஏறும். மல்லிகையை மகளின் தலைக்கும் மாலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, அரளி என்று ஒப்பந்தத்திலேயே வகையையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள். பூ கிடைக்காவிட்டால் எதை மாற்றாக வைப்பார், அப்போது தொகை எவ்வளவு குறையும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடை செய்திருக்கிறது. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க இடமுண்டு. ‘பில் வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பொருள் வராமல் போனால் கேட்பதற்கு உங்களிடம் காகிதமே இருக்காது. முன்பணம் 25%, மேடை கட்டி முடித்து நீங்கள் பார்த்த பிறகு 50%, மறுநாள் பிரித்தெடுத்த பின் மீதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை அலங்காரக்காரரைப் பார்க்கப் போகும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். 3,38,000 என்ற எண்ணை முதலில் சொல்லிவிட்டு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அவள் பணமும் அதில் இருக்கிறது.