கேளுங்கள், சொல்கிறோம்: கப்பலில் போய் அரண்மனை பார்ப்பது

கே: என் மகனும் மருமகளும் வரும் மே மாதம் எங்கள் இருவரையும் டேன்யூப் நதியில் பாசாவ் தொடங்கி புடாபெஸ்ட் வரை கப்பலில் அழைத்துப் போகிறார்கள். வியன்னாவில் ஒன்றரை நாள் நிற்குமாம். அங்குள்ள ஷோன்புருன் அரண்மனையை அரை நாளில் பார்த்துவிட முடியுமா? - வாசகி, தஞ்சாவூர்

ப: பார்க்கலாம் அம்மா, முழுதாக அல்ல. மொத்தம் 1441 அறைகள், அதில் நமக்குத் திறந்திருப்பது 40 சொச்சம்தான், அதையே விளக்கக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். வெளியே தோட்டம் தனி, 1752இல் தொடங்கி இன்றும் நடக்கிற உலகின் மிகப் பழைய மிருகக்காட்சி சாலை தனி, குன்றின் மேல் உள்ள குளோரியெட் மண்டபம் தனி. அரை நாளில் அரண்மனையும் தோட்டத்தில் கொஞ்சமும் போதும். மிருகங்களை விட்டுவிடுங்கள், வண்டலூரில் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து விதானத்து ஓவியத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அறை மூலைகளைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு வெள்ளைப் பீங்கான் கணப்பு நிற்கும், பொன் வேலைப்பாடெல்லாம் இருக்கும், ஆனால் விறகு போடுகிற வாய் மட்டும் எங்கே தேடினாலும் இருக்காது. சுவருக்குப் பின்னால் வேலையாட்கள் போய்வர ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அங்கிருந்தபடியே விறகு திணிப்பார்களாம், ராஜா வீட்டுத் தரையில் கரியும் சிந்தாது, கரி சுமந்தவர் முகமும் தெரியாது. இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தத் தங்கப் பூச்சைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது.

கே: கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போகலாமா, சொந்தமாகப் போகலாமா? - வாசகர், சென்னை

ப: முதல் தடவை நான் கப்பல் குழுவோடுதான் போனேன். காதில் ஒரு கருவி, முன்னால் கைடு தூக்கிப் பிடித்த குடை, பின்னால் நாற்பது பேர். எங்களுக்கு வாங்கியிருந்தது சின்ன டிக்கெட், அதனால் நான் பார்க்க ஆசைப்பட்ட அறை வரும் முன்பே வெளியே கொண்டுவந்து நினைவுப்பொருள் கடையில் நிறுத்திவிட்டார்கள். சரி என்று மறுநாள் காலை நானே போனேன். ரைஷ்ப்ரூக்கே பாலத்தடியில் கப்பல் நின்றால், பக்கத்திலேயே ஃபோர்கார்டென்ஸ்ட்ராஸ்ஸே மெட்ரோ நிலையம் இருக்கிறது. யு1 ரயிலில் ஏறி, கார்ல்ஸ்பிளாட்ஸில் யு4க்கு மாறினால் ஷோன்புருன் என்ற பெயரிலேயே நிலையம் வரும். நடை நன்றாக இருந்தால் சொந்தமாகப் போங்கள், ஆனால் டிக்கெட்டில் உள்ளே நுழையும் நேரம் போட்டிருக்கும், முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது. எல்லா அறைகளும் சேர்ந்த பெரிய டிக்கெட்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து வாங்குங்கள்.

கே: அப்படி எந்த அறைக்காக மறுபடியும் போனீர்கள்? - அதே வாசகர்

ப: நல்லவேளை கேட்டீர்கள். அதற்குப் பெயர் மில்லியன் அறை. 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா ராணி காலத்தில் செய்தது, ரோஸ்வுட் பலகைகளுக்கு ஆன செலவால் வந்த பெயர். அந்தப் பலகைகளில் வளைந்து நெளிந்த பொன் சட்டங்கள், சட்டங்களுக்குள் நம் முகலாய பாணிச் சிற்றோவியங்கள்! தலைப்பாகை கட்டிய அரசர்கள், குதிரைகள், தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சட்டத்தின் வளைவுக்கு ஓவியம் பொருந்தவில்லை என்பதற்காக, அரச குடும்பத்தாரே உட்கார்ந்து அவற்றை வெட்டி, ஒன்றிலிருந்த ஆளை எடுத்து இன்னொன்றின் மரத்தடியில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் உள்ள பிள்ளையாரைக் கத்தரித்து நாம் நோட்டில் ஒட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. யாரோ ஒரு ஓவியர் ஒற்றை மயிர்த் தூரிகையை வைத்துக்கொண்டு கண் நோக வரைந்தது, வியன்னாவில் ஒரு மழைக்காலப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆனால் அவர்கள் ஒட்டி வைக்காவிட்டால் அவற்றில் பாதி இன்று எங்கே இருந்திருக்குமோ.

கே: இசைமேதை மோட்சார்ட் அங்கே வாசித்தாராமே? - வாசகர், திருச்சி

ப: ஆமாம், 1762இல், ஆறு வயதில். வாசித்து முடித்ததும் ராணியின் மடியில் தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான் என்று அவனுடைய அப்பா கடிதத்தில் எழுதியிருக்கிறார். 16 பெற்றவள் மரியா தெரேசா, அவளுக்கு இதெல்லாம் புதிதா என்ன.

கே: கடைசியாக அங்கே வாழ்ந்த அரசர் யார்? - வாசகி, கோவை

ப: பெயருக்குக் கடைசி முதலாம் கார்ல். 1918 நவம்பர் 11 அன்று நீலச் சீன அறையில்தான் அரசு காரியங்களிலிருந்து ஒதுங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டார், மறுநாள் ஆஸ்திரியா குடியரசாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டுமானால் அவருக்கு முந்தைய ஃபிரான்ஸ் ஜோசப்பைத்தான் சொல்வேன். 1830இல் அங்கேயே பிறந்து, 68 வருடம் ஆண்டு, 1916இல் அங்கேயே செத்தார். அவருடைய படுக்கையறையில் இருப்பது சாதாரண இரும்புக் கட்டில், நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். விடியற்காலை நான்கு மணிவாக்கில் எழுந்து கோப்பு பார்க்க உட்கார்ந்துவிடுவாராம்.

கே: விசா எத்தனை எடுக்க வேண்டும்? - வாசகர், சேலம்

ப: பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி எல்லாம் ஷெங்கன் என்ற பொது விசாப் பகுதி, ஒரே விசா போதும். கப்பல் பெல்கிரேடுக்கும் போகுமானால் கவனம், செர்பியா அதில் இல்லை. திரும்பி உள்ளே வர, பலமுறை நுழையும் விசா வேண்டும்.

கே: எனக்கு முழங்கால் வலி. குளோரியெட் வரை ஏற முடியுமா? - முதலில் கேட்ட தஞ்சாவூர் வாசகி

ப: படிகள் இல்லை, வளைந்து வளைந்து போகிற சரளைப் பாதை, ஆனாலும் ஏற்றம்தான். தோட்டத்துக்குள் ஒரு சுற்றுலா வண்டி ஓடுகிறது, அதில் போங்கள் அம்மா. மேலே காபிக் கடை இருக்கிறது, உட்கார்ந்தால் மஞ்சள் அரண்மனையும் அதற்குப் பின்னால் ஊரும் கிடக்கும். முழங்காலை நீங்கள் சேமித்து வைக்க வேண்டியது கப்பல் துறைக்கு. இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள், உங்களுடையது மூன்றாவதாக நின்றால் முதல் இரண்டு கப்பல்களின் வரவேற்பறை வழியாக ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நான் ஒருமுறை தவறான கப்பலில் சாப்பாட்டு மேசை வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டேன்.