மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: இரண்டாவது எதிரியாக நின்ற அச்சகக்காரனின் பதில்

கேள்வி: ஊரின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி நோட்டீஸ் அடித்து விநியோகித்தோம். அவதூறு வழக்குப் போட்டுக் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பேச்சுரிமை என்று சொல்லிப் போராடுவது பயன் தருமா, மன்னிப்புக் கடிதம் கொடுத்து முடித்துக்கொள்வது நல்லதா?

கடிதம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியது உண்மை என்றால், அதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது என்றால், கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மைத்துனர் ஒருவர், தெரிந்த வக்கீல் ஒருவர், எதிர்த்தரப்பிலிருந்து நல்ல வார்த்தை சொல்லி வரும் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்று இந்நேரம் வந்து போயிருப்பார்கள். எனக்கும் வந்தார்கள்.

நான் வக்கீல் இல்லை. வேலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கருமாதிப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், இவைதான் என் தொழில். சட்டம் படித்தவர்கள் இதில் தவறு கண்டால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கோர்ட் வாசலில் நின்று கற்றதைத்தான் எழுதுகிறேன்.

2017 ஆனி மாதம். பேரணாம்பட்டுப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரும் இரண்டு இளைஞர்களும் கடைக்கு வந்தார்கள். ஆயிரம் பிட் நோட்டீஸ் வேண்டும், மஞ்சள் தாளில். ஒரு தோல் தொழிற்சாலை இரவில் ஏரிக் கால்வாயில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறது, கிணறுகள் கெட்டுவிட்டன, ஆர்ப்பாட்டத்துக்கு வாருங்கள் என்பது விஷயம். நோட்டுப் புத்தகத் தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்.

புரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் தாள், எடுத்துக் கொடுத்தபோது நான்தான் நிறுத்தினேன். மூன்றாவது வரியில் 'கொலைகாரர்கள்' என்று இருந்தது. "ஐயா, இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். பெரியவர் யோசித்தார். நீலப் பேனாவால் அந்தச் சொல்லை அவரே அடித்தார். "தம்பி, தண்ணீர் கெட்டதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று மஞ்சள் பையிலிருந்து நீர்ப் பரிசோதனை அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கு 500தான் விரும்பத்தக்க அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அடித்த சொல்லின் இடத்தில் அந்த அறிக்கையின் தேதியையும் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அவர்கள் ஏற்கெனவே மனு அனுப்பியிருந்தார்கள். அந்த ரசீது எண்ணையும் சேர்த்தோம். அந்தப் புரூஃப் தாளை ஃபைலில் போட்டேன். பெரிய யோசனையெல்லாம் செய்து போடவில்லை. எந்த வேலையானாலும் வாடிக்கையாளர் திருத்திய புரூஃபை வைத்திருப்பது என் அப்பா காலத்துப் பழக்கம்.

ஆவணியில் சம்மன் வந்தது. பெரியவர் முதல் எதிரி. நான் இரண்டாவது எதிரி. நோட்டீஸ் கொடுத்த பையன் மூன்றாவது எதிரி. கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். என் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யாருக்குடா நீ எதிரி?" என்று கேட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகள் அவதூறுக்கு என்று பலருக்குத் தெரியும். 501 அச்சிடுபவனுக்கு. அவதூறு என்று தெரிந்தோ, அப்படி நம்ப நல்ல காரணம் இருந்தோ அச்சிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. "எழுதியவன் அவன், நான் கூலிக்கு அடித்தவன் என்று சொல்லிவிடு, தப்பிக்கலாம்" என்றார்கள். "அச்சகத்தின் பெயர் போடாமல் அடித்திருக்கலாமே" என்றவர்களும் உண்டு. பெயரில்லாமல் அச்சிடுவது 1867ஆம் வருடச் சட்டப்படி அப்போது தனிக் குற்றம். அது இருக்கட்டும். பெயர் போட்டு அடிக்கிறவன் என்பதுதான் என் தொழிலின் மரியாதை. பெயரில்லாத தாளை ஊரில் யார் நம்புவார்கள்?

அடுத்து சமாதானம் பேச வந்தார்கள். வருத்தம் தெரிவித்து நாளிதழில் விளம்பரம், அதோடு "இனி இதுபோன்றவற்றை அச்சிட மாட்டேன்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மனம் உறுதியானது. நடந்ததற்கு வருத்தம் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். இனி நடக்கப்போவதற்கும் சேர்த்து என் வாயையும் மெஷினையும் எழுதி வாங்கப் பார்த்தார்கள். மூன்றாவது எதிரி கையெழுத்துப் போட்டான். வளைகுடா வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய பையன், கேஸ் நிலுவையில் இருந்தால் சிக்கல். அவனை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

தோல் தொழிலுக்கு விரோதி என்று என்னைத் திட்டக் காத்திருப்பவர்களுக்கு: என் தங்கை வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்கும் தெரியும். எங்கள் நோட்டீஸில் இருந்தது உச்ச நீதிமன்றமே சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1991இல் போட்டு 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பான வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கைப் பாருங்கள். தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் எங்கள் மாவட்டத்தின் பெயரால் நிலைபெற்றது. அதே விஷயத்தை மஞ்சள் தாளில் அடித்ததற்கு நான் எதிரி.

பேச்சுரிமை என்றால் எதையும் பேசலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அரசியலமைப்பின் 19(1)(அ) உரிமையைத் தருகிறது, 19(2) எல்லை போடுகிறது. அந்த எல்லைகளில் அவதூறும் ஒன்று. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவதூறு கிரிமினல் குற்றமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. அதனால் 'பேச்சுரிமை, பேச்சுரிமை' என்று கோஷம் போட்டால் போதாது. 499இன் விதிவிலக்குகள்தான் உங்கள் கேடயம்; இப்போதைய புதிய சட்டத்திலும் அவை இருக்கின்றன. உண்மையாக இருந்து பொது நன்மைக்காகச் சொன்னால் அவதூறு இல்லை. பொது விஷயத்தில் ஒருவரின் நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னாலும் இல்லை. ஊராட்சித் தலைவர் வழக்குப் போட்டிருந்தால் உங்கள் வக்கீலிடம் 1994ஆம் வருட ராஜகோபால் வழக்கைக் கேளுங்கள். நக்கீரன் பத்திரிகை வழக்கு. அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்டஈடு கேட்க முடியாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அது சிவில் வழக்கைப் பற்றியது, உங்களுடையது கிரிமினல் என்பதை மறக்க வேண்டாம்.

பதினான்கு வாய்தா நடந்தோம். புகார்தாரர் தரப்பு பாதி நாள் வரவில்லை. நாங்கள் வராவிட்டால் மட்டும், அன்றைக்கு ஆஜராகாமல் இருக்க அனுமதி கேட்டு 317 மனு போட வேண்டும், அதற்கும் செலவு. வாய்தா நாளில் கடைக்குப் பூட்டு. பங்குனி வெயிலில், வேலூர் வெயில் தெரியுமல்லவா, பெரியவர் கோர்ட் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் "ஏன் வந்தோம்" என்று அவர் கேட்கவில்லை. "கிணறு என்னுடையது தம்பி" என்பார்.

2019இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரி 482 மனு போட்டோம். காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்து இரண்டு முறை போனேன். நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கிடைத்ததும் பாதி உயிர் வந்தது. 2021 மாசியில் ரத்தானது. நீலப் பேனா அடித்த அந்தப் புரூஃப் தாள் எங்கள் மனுவோடு இணைத்த காகிதங்களில் ஒன்று. கடுஞ்சொல்லை நீக்கி ஆதாரத்தைச் சேர்த்திருக்கிறார்கள், இது நல்லெண்ணம் இல்லாமல் வேறென்ன என்று எங்கள் வக்கீல் வாதாடியது அதை வைத்துத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தத் தீர்ப்பு என்னைப் பற்றியது. என் பெயர், என் அச்சகம், நான் தமிழில் அச்சிட்ட நோட்டீஸ். தீர்ப்பு ஆங்கிலத்தில். பதினோரு பக்கத்தை வக்கீல் குமாஸ்தா படித்துப் படித்துச் சொல்லக் கேட்டேன். சம்மன் தமிழில் வருகிறது, விடுதலை மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் இருக்கிறது. 348ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டுமாம். அதே ஒப்புதல் தமிழுக்கு ஏன் வரவில்லை? என் பேச்சுரிமையைக் காப்பாற்றிய வரியை நான் என் கண்ணால் படிக்க வேண்டாமா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஜெயித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் மற்ற அச்சகங்கள் இன்றும் போராட்ட நோட்டீஸ் என்றால் 'மெஷின் ரிப்பேர்' என்கின்றன. அவர்கள் மேல் கோபமில்லை, என் பதினான்கு வாய்தாவை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அடிக்கிறேன். ஆதாரம் கேட்டு, புரூஃபில் கையெழுத்து வாங்கி, கீழே என் பெயர் போட்டு அடிக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை முதல் சட்டம் மாறிவிட்டது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்கு இல்லாத வாய்ப்பு அது. வந்திருப்பது அப்படித் தரப்பைக் கேட்கும் கோர்ட் நோட்டீஸா, சம்மனா என்று முதலில் வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். கோர்ட் நோட்டீஸ் என்றால் தண்ணீர் அறிக்கை, மனு ரசீது, புகைப்படம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துப் பேசலாம். உங்கள் பிட் நோட்டீஸை அடித்த அச்சகத்துக்குப் போய்ப் புரூஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். அவரையும் வழக்கில் சேர்த்திருந்தால் அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். குறித்த தேதியில் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். டவாலி மூன்று முறைதான் கூப்பிடுவார்; அப்போது நீங்கள் டீக்கடையில் இருந்தால் பிடிவாரண்டு வந்துவிடும்.