பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடமே இல்லாவிட்டால் பிள்ளைக்கு நஷ்டமா?

கேள்வி கேட்டிருப்பவர் புதுச்சேரிக்காரர். மகள் அங்கே அரசுப் பள்ளியில் பத்தாவது. அவளுடைய அறிவியல் புத்தகத்தில் பரிணாமம் என்ற பாடமே கிடையாது. கடலூரில் இருக்கும் தங்கை மகனும் பத்தாவதுதான். அவன் லாமார்க், டார்வின் என்று ராத்திரி பத்து மணிக்கு உருப்போட்டுக்கொண்டிருக்கிறான். இருபது கிலோமீட்டரில் இப்படி ஒரு வித்தியாசமா, இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறார்.

இரண்டு பேருக்கும்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு வருஷமாக உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். முள்ளோடை தாண்டி வரும் பிள்ளைகளும் உண்டு என்பதால் இரண்டு புத்தகமும் என் மேஜையில் கிடக்கும்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முன்பு நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் இருந்தன. 2024-25 முதல் அங்கே பத்தாம் வகுப்பும் சிபிஎஸ்இ. அந்த என்சிஇஆர்டி புத்தகத்தில் மரபும் பரிணாமமும் சேர்ந்து ஒரே பாடமாக இருந்தது. 2023-ல் பரிணாமத்தை வெட்டிவிட்டு மரபை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் உயிரின வகைப்பாட்டுப் பாடமும் கூடவே போயிற்று. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு, வேண்டாம் இந்த வேலை என்று கடிதம் எழுதியும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது, சரி. காமர்ஸ் எடுக்கப் போகிற பிள்ளை அதை எங்கே பார்ப்பாள்?

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் மரபியல், பரிணாமம், உயிரித்தொழில்நுட்பம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. நல்ல வரிசை. நாங்கள் நடத்துகிற விதம்தான் கோளாறு. ஒரே தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று வீடு மாதிரி நடத்திவிட்டுப் போகிறோம். நான் படித்த காலத்தில் என் டீச்சர் இந்தப் பாடத்தை இருபது நிமிஷத்தில் முடித்தார்: "கோடு போட்டதை மட்டும் படி, மீதி வராது." நானும் முதல் சில வருஷம் அதையேதான் செய்தேன். ஒரு பையன் 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' (ஒரே முன்னோரிடமிருந்து வந்ததால் அடிப்படை அமைப்பு ஒன்றாக இருக்கும் உறுப்புகள்) வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் எழுதிவிட்டு, உதாரணத்துக்குப் பட்டாம்பூச்சி இறக்கையும் வௌவால் இறக்கையும் என்று எழுதியிருந்தான். ஒரே யூனிஃபார்ம் போட்டிருப்பதால் ரெண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா என்று கேட்டேன். சிரித்தான். அதன்பிறகு தப்பவே இல்லை.

அன்றிலிருந்து நான் இந்தப் பாடங்களைச் சொந்தபந்தம் வழியாகத்தான் எடுக்கிறேன். யார் யாருக்குப் பங்காளி, எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தார்கள், அதுதான் வகைப்பாடு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று இதில் நல்ல பழக்கம் இருக்கிறது. "குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா இப்ப ஏன் மிஸ் குரங்கு இருக்கு?" என்று வருஷம் ஒருவர் கேட்பார்கள். உன் பெரியப்பா மகன் இருக்கிறானே, அவனிடமிருந்தா நீ பிறந்தாய் என்று திருப்பிக் கேட்பேன். ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேரை ஓ.டி. (கடலூர் முதுநகர்) துறைமுகத்துக்குக் கூட்டிப்போவதும் உண்டு. ஏலம் முடிந்து கூடைகள் கரையில் இருக்கும் நேரம். சுறாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். பால் கொடுக்கிற அம்மாவுக்குச் சுறாப்புட்டு செய்த பாட்டிகளுக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை: சுறாவில் குத்துகிற முள் கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. திருக்கையிலும் அப்படியே, வாலில் இருக்கும் கொடுக்கைத் தவிர. திருக்கை தட்டையாக இருந்தாலும் சுறாவின் பங்காளிதான். பக்கத்துக் கூடையில் வஞ்சிரம். நடுமுள், எலும்பு, செவுளுக்கு மூடி. இதைக் காட்டிவிட்டு ஒரு குண்டைப் போடுவேன்: வஞ்சிரத்துக்குச் சுறாவைவிட நாம்தான் நெருங்கின சொந்தம். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எலும்புள்ள மீன்களின் ஒரு கிளைதான் கரையேறி, தவளை, பல்லி, பறவை, நாம் என்று பிரிந்தது. சுறாவின் வழி அதற்கும் முன்னாலேயே பிரிந்துவிட்டது. 'மீன்' என்பது தண்ணீரில் பார்க்கிற உத்தியோகத்தின் பெயர், குடும்பத்தின் பெயர் இல்லை. ஓங்கில் (டால்பின்) அதே உத்தியோகத்துக்கு வந்த இன்னொரு ஆள். மீனின் வால் இடவலமாக அடிக்கும். ஓங்கில் வால் மேலும் கீழும். நாலு காலில் ஓடின முன்னோரின் முதுகு அதற்கு. துடுப்புக்குள்ளே கை எலும்பும் விரல் எலும்பும் அப்படியே இருக்கும்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டுக் கணவாய். போன முறை ஒரு மீன்கார அம்மா, "இத வச்சி என்னம்மா படிக்கிற, குழம்பு வையி" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைக் கீறிக் கொடுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று படகு மாதிரி ஓர் ஓடு. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும், நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பார்கள், கிளிக்கூண்டில் தொங்கவிடுவார்கள். கணவாய் மீன் இல்லை. நத்தை, சங்கு, மட்டி இவற்றின் குடும்பம், மெல்லுடலி. முன்னோருக்கு வெளியே இருந்த ஓடு இதற்கு உள்ளே போய்விட்டது. ஊசிக் கணவாயில் அதுவும் தேய்ந்து கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு சீவல்தான் மிச்சம். சங்கு, ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்த பிள்ளைக்கு 'எச்ச உறுப்பு' (முன்னோரிடம் பெரிதாக இருந்து தேய்ந்து மிஞ்சியது) என்று தனியாக ஒரு கேள்வி எழுதிப் படிக்கத் தேவையில்லை.

புதைபடிவம் பார்க்க வேண்டுமென்றால், கல்மரத்துக்குத் திருவக்கரை இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து முக்கால் மணி நேரம். இரண்டு கோடி வருஷத்து மரங்கள். வளையமும் கணுவும் தெரிகிற கல். வக்கிராசுரனின் எலும்பு என்று ஊரில் ஒரு கதை உண்டு, அதையும் சொல்லித்தான் கூட்டிப்போவேன். வெயிலில் போகாதீர்கள்.

மரபணு மாற்றம் என்றதும் பெற்றோர் குரல் மாறிவிடும். ஒரு அப்பா என்னிடமே, "இதெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்கு மேடம், விஷம்" என்றார். நான் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து என் அம்மாவின் இன்சுலின் குப்பியை எடுத்து வந்து லேபிளைப் படிக்கச் சொன்னேன். 'ஆர்-டிஎன்ஏ ஆரிஜின்' என்று பொடி எழுத்தில் இருக்கும். மனிதனின் மரபணுவை பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ வைத்துச் செய்வது. 1982-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். இன்சுலினில் 51 அமினோ அமிலம். பன்றியுடையது நம்முடையதிலிருந்து ஒன்றே ஒன்றில் வேறுபடும், மாட்டுடையது மூன்றில். நம் எழுத்தை ஒரு பாக்டீரியா தடுமாறாமல் படிக்கிறதே, ஏன்? எல்லா உயிருக்கும் அரிச்சுவடி ஒன்று. பரிணாமத்தை விட்டுவிட்டு இதை நடத்தினால் மந்திரவாதி வேலை மாதிரித்தான் இருக்கும். பயமும் அங்கிருந்துதான் வருகிறது.

அதற்காக எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வேப்பூர் பக்கம் பருத்தி போடுகிறவர்களைக் கேளுங்கள். பி.டி. பருத்தி 2002-ல் வந்தது. புழுவைக் கொல்லும் புரதத்தைச் செய்கிற மண் பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறது. நம் நாட்டில் சட்டப்படி விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் அது ஒன்றுதான். பி.டி. கத்தரியை 2010-ல் நிறுத்தி வைத்தார்கள். அதே சமயத்தில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்கு அசையாமல் நின்றது. சாகாமல் தப்பின சில புழு, அதன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று பெருகிவிட்டது. கரி படிந்த மரத்தில் பறவையின் கண்ணுக்குத் தப்பிப் பெருகின இங்கிலாந்துக் கறுப்பு அந்துப்பூச்சியை வருஷாவருஷம் உருப்போடுகிறோமே, அதைவிட இந்தப் புழு நம் பிள்ளைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. விதை யார் கையில், விலை என்ன என்பதெல்லாம் வேறு சண்டை. அதையும் போட வேண்டியதுதான், ஆனால் 'விஷம்' என்ற ஒரே சொல்லில் அறிவியலையும் அந்தச் சண்டையையும் சேர்த்துக் கட்டிவிட்டால் எந்தச் சண்டையும் ஒழுங்காக நடக்காது.

பிச்சாவரம் போனால் படகுக்காரரிடம் வெண்கண்டல் இலை ஒன்றைக் காட்டச் சொல்லி, அதன் அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும், உறிஞ்சின உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிற மரம். அந்தக் குடும்பத்து மரபணுவை நெல்லில் சேர்த்து உப்பு தாங்கும் ரகம் வருமா என்று சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை நடந்தது. வயலுக்கு வரவில்லை. 2004 சுனாமியில் கடல் ஏறி வயல் கெட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு, அப்படி ஒரு நெல் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, உங்கள் மகளுக்குத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், அந்த மூன்று பாடத்துக்காக மட்டும். பரீட்சைக்கு வராததால் அவள் பயமில்லாமல் படிப்பாள். தங்கை மகனைவிட அவளுக்கு அது லாபம்கூட. கடலூர் வரும் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். கணவாய் வாங்கினால் அங்கேயே சுத்தம் செய்து தரச் சொல்லிவிடாதீர்கள், முழுசாக வீட்டுக்கு வரட்டும். பழைய துணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மை தெறித்தால் போகாது.