ஹெட் மாத்துன அம்பாசிடர் ஏத்தத்துல கொதிக்குதா? ரேடியேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா ஓட்டுன பழைய அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல், இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி உக்காருற சிலிண்டர் ஹெட்டுல கிராக் விட்டதால காயலாங்கடையில வேற ஹெட் எடுத்து மாட்டியிருக்காங்க. டவுனுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, சேலம் போயிட்டு திரும்பும்போது தொப்பூர் ஏத்தத்துல சிவப்புக்குப் போயிடுது, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அரை லிட்டர் தண்ணி குறையுது ஆனா கீழ ஒரு சொட்டு இல்ல. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம தடுக்கற வால்வு) கழட்டிட்டு இப்போ புது ரேடியேட்டர் வாங்கச் சொல்றாராம்.

தம்பி, வாங்காதீங்க, பொறுங்க. ஹெட் கழட்டுறதுக்கு முன்னாடி இதே ரேடியேட்டரை வெச்சுத்தான தொப்பூர் ஏறிட்டு இருந்தீங்க? அப்போ அந்த வேலையில கை பட்ட இடத்தைத்தான் முதல்ல பாக்கணும். டவுன் டிராபிக்ல சூடாகலைன்னா ஃபேன், பெல்ட் மேல எனக்கு சந்தேகம் இல்ல. லோடு விழும்போது மட்டும் சூடு ஏறுது, ஒழுகாம தண்ணி காணாமப் போகுது, இது ரெண்டும் சேர்ந்தா என் கண்ணு ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் பக்கம்தான் போகும்.

காலையில இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க, உத்துப் பாருங்க. ஆரம்பத்துல நாலு குமிழி வந்து நின்னுட்டா உள்ள மாட்டுன காத்து, பயமில்ல. நிக்காம சோடா மாதிரி பொங்கிட்டே இருந்து, ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க ஜாஸ்தியாச்சுன்னா சிலிண்டர் கேஸ் தண்ணிக்குள்ள வருது. அப்புறம் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வரிசையா ஒரு துணி மேல வைங்க, மூணு காப்பிக் கலர்ல இருந்து ஒண்ணு மட்டும் கழுவி வெச்ச மாதிரி வெளுப்பா இருந்தா அந்த சிலிண்டர்ல தண்ணி இறங்குது. அப்படின்னா ஹெட்டை இறக்கித்தான் ஆகணும், வேற வழியில்ல. பழைய ஹெட்டை பேசிங் அடிக்காம, அதாவது அடிப்பக்கத்தை மட்டமா இழைக்காம அப்படியே மாட்டியிருந்தா நேர்ப்பட்டை வெச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டாலே கோணல் தெரிஞ்சிடும், தண்ணி ஓட்டைகள்ல துரு அடைச்சிருக்கான்னும் அப்பவே குத்திப் பாத்துடுங்க.

குமிழியும் இல்ல, பிளக்கும் நல்லா இருக்குன்னா காத்து மாட்டியிருக்கலாம். வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்தி, ஹீட்டர் இருந்தா அந்த டேப்பைத் திறந்து விட்டு, மெதுவா நிரப்புங்க. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்க, அதைக் கழட்டுறது நோயை மறைக்கிற வேலை, காலையில இன்ஜின் சீக்கிரம் சூடாகாம தேயும்.

இன்னொண்ணு டைமிங், அதாவது ஸ்பார்க் விழுற நேரம். ஹெட் கழட்டும்போது கார்புரேட்டரும் இறங்கும், அப்போ டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு கரண்டைப் பிரிச்சுக் குடுக்கறது) போற வேக்குவம் பைப்பை மாட்டாம விட்டுடுவாங்க, இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டரை லேசா திருப்பி வெச்சிருப்பாங்க. ஸ்பார்க் லேட்டா விழுந்தா ஏத்தத்துல இழுக்காது, சூடும் ஏறும். டைமிங் லைட் போட்டு ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியை தயவுசெஞ்சு ரேடியேட்டருக்கு ஊத்தாதீங்க, டீக்கடை கெட்டில்ல வெள்ளையா படியுதுல்ல, அதேதான் இன்ஜினுக்குள்ளயும் படியும். டிஸ்டில்டு வாட்டரோட கூலண்ட் கலந்து ஊத்துங்க. அதுக்கு முன்னாடி இன்ஜின் பிளாக்குல இருக்கற டிரெயின் டேப்பைத் திறங்க, தண்ணி வரலைன்னா கம்பி விட்டுக் குத்துங்க, உதிர்ந்த துரு அங்கதான் தேங்கும். ரேடியேட்டர்ல சந்தேகம்னா இன்ஜின் சூடானதும் ஆஃப் பண்ணி பரப்பைத் தடவிப் பாருங்க, நடுவுல ஜில்லுனு ஒரு இடம் இருந்தா அங்க அடைப்பு. அது பித்தளை ரேடியேட்டர், டேங்கைப் பிரிச்சு ராடு விட்டு சுத்தம் பண்ணித் தருவாங்க, தூக்கிப் போட வேண்டியதில்ல.

இதெல்லாம் முடியிற வரைக்கும் தொப்பூர் பக்கம் போகாதீங்க. வழியில முள்ளு ஏறிடுச்சுன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணி அரைமணி நேரமாவது விட்டுடுங்க, சூட்டோட மூடியைத் திறந்தா முகம் வெந்துடும், பச்சைத் தண்ணியை ஊத்தினா இந்த ஹெட்டும் கிராக் விட்டுடும்.