ஒயில் சீல் ஏன் ஊதுது? நைட்றைல் றப்பர் பற்றிக் கேட்டவையும் என் பதிலும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெட்டு மெசின், அரிசி மில், போட் இஞ்சின் எல்லாத்திலயும் சீல், அதாவது ஒயில் ஒழுகாமத் தடுக்கிற றப்பர் வளையம், மாத்துறதுதான் என் தொழில். கேட்டவைக்கு ஒவ்வொன்றாச் சொல்றன்.

சம்மாந்துறை: அண்ணன், வெட்டு மெசின் ஜெக்குக்குப் புது ஓ-றிங் (வட்ட றப்பர் சீல்) போட்டன். கொஞ்ச நாளிலேயே ஒயில் ஒழுகுது. கழற்றிப் பாத்தா றிங் ஊதி மெதுமெதுன்னு கிடக்கு. ஒயில் பிழையா?

ஒயிலில பிழையில்ல தம்பி, றிங்தான் பிழை. அது பெரும்பாலும் ஈபிடிஎம் எண்ட செயற்கை றப்பரா இருக்கும். தண்ணிக்கும் நீராவிக்கும் அது தங்கம். மினரல் ஒயில் பட்டா ஊதிப் போகும். உங்களுக்குத் தேவை நைட்றைல், எண்ணெய் தாங்குற செயற்கை றப்பர். ரெண்டும் கறுப்பு, கண்ணால பிரிக்க ஏலாது. சந்தேகமெண்டா நான் வேர்னியரால (நுணுக்கமா அளக்கிற கருவி) தடிப்பை அளந்து, ஜாம் போத்தலில அதே ஒயிலை ஊத்தி, றிங்கை ரெண்டு மூணு நாள் ஊறப் போடுவன். துடைச்சுத் திரும்ப அளக்கேக்க நல்லாப் பருத்திருந்தா அதை மெசினில போடவே மாட்டன். வெட்டு நேரத்தில மெசின் ஒரு நாள் நிண்டா வயல்காரர் படுற பாட்டை நான் கண்டிருக்கிறன்.

செங்கலடி: நம்ம நாட்டிலயே றப்பர் இருக்கே, அதில சீல் செய்தா என்ன?

இயற்கை றப்பரும் எண்ணெயும் ஒரே இனம், ரெண்டுமே ஹைட்றோகாபன், அதாவது ஐதரசனும் காபனும் சேர்ந்தது. அதால எண்ணெயை உறிஞ்சி ஊதும். நைட்றைலில பியூட்டடையீனோட அக்ரிலோநைட்றைல் சேருது. அந்தப் பகுதிக்கு எண்ணெய் ஒட்டாது. நைட்றைலில அக்ரிலோநைட்றைல் சுமார் 18 முதல் 50 சதவீதம் வரை இருக்கலாம். கூடக் கூட எண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் தாங்கும், ஆனா குளிரில விறைக்கும். நம்ம ஊர் வெக்கைக்கு அது பிரச்சினையில்ல, ஐஸ் பெட்டி மெசினுக்கு மட்டும் யோசிக்கணும்.

நிந்தவூர்: நெல்லு அவிக்கிற நீராவி வால்வுக்கு நைட்றைல் போடலாமா?

வேண்டாம். நைட்றைல் 100 பாகை அளவுக்குத்தான். அதுக்கு மேல நாளாக நாளாகக் காய்ஞ்சு, கல்லாகி, வெடிப்பு விழும். ஈபிடிஎம் வாங்குங்க.

வாழைச்சேனை: போட் இஞ்சின் கியர் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வருது. உப்புத் தண்ணி சீலைத் திண்டிட்டா?

உப்புத் தண்ணி நைட்றைலை ஒண்டும் செய்யாது. காத்தாடியைக் கழற்றிப் பாருங்க. அனேகமாத் தங்கூசி நூல் சாஃப்ட்டில சுத்தி, சீலின் உதட்டை (சாஃப்ட்டில படுற மெல்லிய விளிம்பு) அறுத்திருக்கும். நான் கழற்றினதொண்டில நூல் இறுகி வளையம் மாதிரி உள்ள கிடந்தது. புதுச் சீல் போட முந்தி சாஃப்ட்டில நகத்தை ஓட்டுங்க. பள்ளத்தில நகம் சிக்கினா எந்தச் சீலும் நிக்காது. ஒயில் சீலின் ஸ்பிரிங் பக்கம் ஒயிலைப் பாத்திருக்கணும், உதட்டில கிறீஸ் பூசுங்க.

கல்முனை: பிறேக் ஒயிலுக்கு நைட்றைல் போடலாமா?

கூடாது. வழமையான கிளைக்கோல் பிறேக் ஒயிலில நைட்றைல் ஊதும். அங்க பிறேக் பிடிக்காமப் போனா உயிர் போகும் விசயம்.

அக்கரைப்பற்று: கடையில ஆணியில கோத்துத் தொங்குற றிங் வாங்கலாமா?

வெயிலும் காத்தில இருக்கிற ஓசோன் வாயுவும்தான் நைட்றைலின் எதிரி. றிங்கை மெல்ல இழுத்து வெளிச்சத்தில பாருங்க. மயிரிழை மாதிரிக் குறுக்கு வெடிப்புத் தெரிஞ்சா வைச்சிட்டு வாங்க. வீட்டில வைக்கிறதெண்டா கறுப்புப் பையில, இழுபடாம, ஓடுற மோட்டருக்குத் தூரமா வையுங்க. மோட்டர்ப் பொறியிலயும் ஓசோன் வரும்.