வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: காட்பாடியில் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறேன். நாளிதழில் வைத்து நோட்டீஸ் விநியோகித்தும் பலனில்லை. விசாரிக்க வருபவர்களும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளூரில் தொழிலை எப்படி வளர்ப்பது?
– வாசகர், காட்பாடி

பதில்: விலையில் ரிச்சி தெருவோடு போட்டியிடும் முயற்சியை இன்றே விட்டுவிடுங்கள். அங்கே வாங்கி வந்தவரின் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பாகம்) இரண்டாம் மாதமே பழுதானால், அதைக் கழற்றிக்கொண்டு அவர் மறுபடியும் ரயிலேற வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நீங்கள் விற்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் வாரண்டிக் காலத்தையும் தவறாமல் எழுதிக் கொடுங்கள்.

யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். விஐடி மாணவர்களை நம்பித் தொழில் தொடங்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் விடுதியில் தங்கும் மாணவர் பெரும்பாலும் லேப்டாப்போடுதான் வருகிறார். குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் திருமண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், டேலியில் கணக்கெழுதும் ஆடிட்டர் அலுவலகங்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் நிறுவன அலுவலகங்கள் ஆகியோரே உங்களுக்கு ஏற்றவர்கள் என்பது என் உறுதியான கருத்து. முகூர்த்த மாதத்தில் எடிட்டிங் சிஸ்டம் நின்றுபோன ஸ்டுடியோக்காரருக்கு அன்று மாலைக்குள் மாற்று சிஸ்டம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அந்த வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் அனைவரிடமும் அவரே உங்களைப் பற்றிச் சொல்வார்.

இவர்களிடம் பேச்சைத் தொடங்க இப்போது நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் தேவை. அலுவலகத்துக்கு நேரில் சென்று இலவசமாகச் சோதித்து, எந்த இயந்திரத்தை மாற்ற வேண்டும், எதற்கு வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மட்டும் போட்டால் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றத் தேவையில்லாததை மாற்றச் சொல்லாதவர் என்ற பெயர் கிடைத்துவிட்டால், அடுத்த ஆர்டருக்கு அவர்கள் வேறு கடையை விசாரிக்க மாட்டார்கள். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் கேபினட்டில் காற்றோட்டம் மிக முக்கியம் என்பதால், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே ஃபேன்களைச் சுத்தம் செய்து, பிராசசருக்கு வெப்பத்தைக் கடத்தும் புதிய தெர்மல் பேஸ்ட் தடவித் தருவதை ஆண்டுச் சேவையாக வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவு செய்வதற்குச் செலவில்லை, அதைச் செய்துவிடுங்கள்.

ஜிஎஸ்டியைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழகத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயும், சர்வீஸ் வேலையும் சேர்ந்தால் 20 லட்சமும் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். எனினும், கம்ப்யூட்டருக்குச் செலுத்தும் 18 சதவீத வரியை, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் வரி பில் இல்லாதவரிடம் வாங்கத் தயங்கும் என்பதால், விருப்பப் பதிவு செய்துகொண்ட பிறகே ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் கொட்டேஷன் கொடுக்கச் செல்லுங்கள்.