வலி இல்லாத தடிப்பை எதற்குக் காட்ட வேண்டும்?

கேள்வி: வயல் செய்யும் என் அப்பாவுக்கு 57 வயது. இளம் வயதிலிருந்தே புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறார். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தடிப்பு தெரிகிறது. வருகிற கிழமை எங்கள் பாடசாலையில் வாய்ப் பரிசோதனை முகாம். "நோவே இல்லை, போனால் இல்லாத வருத்தத்தைச் சொல்லி அனுப்புவார்கள்" என்று மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, நோகாத நேரத்தில் பார்ப்பதற்குத்தான் அந்த முகாமே. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அது தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. நோவும் கழுத்தில் கட்டியும் வந்த பிறகு போனால் வைத்தியமும் பெரிது, பிழைப்பதும் கடினம்.

முகாமில் யாரும் புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. டோர்ச் அடித்துக் கன்னம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்புறம் பார்ப்பார்கள். கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, ஊசி கிடையாது. வெள்ளைத் தடிப்புகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. சந்தேகம் என்றால் வைத்தியசாலையில் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அப்பாவுக்கு உறைப்பு பட்டால் வாய் எரிகிறதா, முன்புபோல் அகலத் திறக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். பாக்கு வாயை உள்ளே இறுக்கிவிடும். அதையும் அங்கே சொல்ல வேண்டும்.

வெறுமனே வாயைப் பார்ப்பதில் என்ன பயன் என்பார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் செய்தது அதைத்தான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

என் கவலையெல்லாம் முகாமுக்கு அடுத்த நாள்தான். "பெரிய வைத்தியசாலையில் காட்டுங்கள்" என்று எழுதித் தரும் துண்டு சட்டைப் பையிலேயே கிடக்கும். வேளாண்மை வெட்டு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று மாதங்கள் ஓடும். துண்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கிளினிக் நாளில் கூடவே போங்கள். அரசு வைத்தியசாலையில் காசு இல்லை. மண்முனைப் பாலம் வந்தபின் மட்டக்களப்புக்குப் போக ஓடத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லையே!

வீட்டில் "புற்றுநோய்" என்ற பேச்சே வேண்டாம். "அம்மாவும் வெற்றிலை போடுகிறார், எல்லாரும் காட்டிவிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். அப்புறம், புகையிலையை மட்டும் விட்டுவிட்டேன் என்று அவர் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். முகாம் நாளில் வயலுக்கு நழுவிவிட்டாலும் சண்டை பிடிக்காமல், அந்தக் கிழமையே பக்கத்து அரசு வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.